சில்லுகளின் மேல் குடித்தனம்

1924இல் பதுளையைத் தொட்ட ரயில் பாதையில் ஹாலிஎல கடைசிக்கு முந்திய நிலையம். அங்கே கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறினால் வவுனியாவுக்குப் போகலாம். 1977, 1983 வன்செயல்களில் லயன்களை விட்டு ஓடிய மலையகக் குடும்பங்கள் பல, திரும்பிப் போகாமல் வன்னியிலேயே குடியேறின. கிளிநொச்சியின் மலையாளபுரமும் பாரதிபுரமும் அவர்கள் நிறைந்த ஊர்கள்.

2008இல் மறுபடி ஓட்டம். வாகனத்தையே வீடாக்கி ஊர் சுற்றும் குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு. அது அவர்கள் விருப்பம். வன்னியில் உழவு இயந்திரப் பெட்டி வீடானது செல்லடியால். கூரைத் தகரம், கதவு, யன்னல், நெல்மூட்டை, கோழி எல்லாம் பெட்டிக்குள்; அவற்றுக்கு மேலே அம்மம்மாவும் பிள்ளைகளும். நின்ற இடத்தில் தறப்பாளைக் கட்டி உலை வைப்பார்கள். செல் கிட்ட வந்தால் மறுபடி ஏற்றம்: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன். ஒவ்வொரு தடவையும் சுமை குறைந்தது. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்கள் நடந்தே கடந்தார்கள்.

பெட்டியும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. இதை நாம் அதிகம் பேசுவதில்லை. வாடகை கொடுக்க வழியில்லாத கூலிக் குடும்பங்களுக்குச் சைக்கிளும் தலைச்சுமையும்தான். அவர்களில் மலையகத்தார் பலர்.

மீள்குடியேற்றத்தில் வீட்டுத்திட்டத்துக்குக் காணி ஆவணம் கேட்டார்கள். பல ஆண்டுகள் குடியிருந்தும் அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள் தகரக் கொட்டிலிலேயே காத்திருந்தார்கள்.