லயோலாவில் ஓர் ஆசிரியர்: பரிமாற்று இயற்கணிதத்தில் தமிழர் பதித்த தடம்



உலகெங்கும் ஆண்டுதோறும் கணித மாநாடுகளும் பயிலரங்குகளும் நடைபெற்ற வண்ணம் உள்ளன. அவற்றுள் ஒரு பெரும் பிரிவு 'பரிமாற்று இயற்கணிதமும் அதன் பயன்பாடுகளும்' என்னும் துறைக்கு உரியது. பெயரைக் கேட்டவுடனேயே, "இது நமக்கும் நம் தமிழ்ப்பள்ளிக் குழந்தைகளுக்கும் எட்டாத உலகம்" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகின்றோம். ஆனால், இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால், காஞ்சிபுரத்தில் பிறந்த ஒருவரும், வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஒருவரும், சென்னையில் பிறந்த ஒருவரும் அதன் முதல் வரிசையில் நிற்பதைக் காணலாம். அவர்களுக்குப் பின்னால் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நிற்கிறார். ஆசிரியர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

பெருக்கல் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கும் துறை

மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் விடை பதினைந்தே. வரிசையை மாற்றினாலும் விடை மாறாத இப்பண்பே 'பரிமாற்றுப் பண்பு'. இப்பண்பு கொண்ட எண் கூட்டங்களையும் பல்லுறுப்புக் கோவைகளின் கூட்டங்களையும் ஆராய்வதே பரிமாற்று இயற்கணிதம். கூட்டலும் பெருக்கலும் செய்யத்தக்க இத்தகைய கூட்டத்தை 'வளையம்' என்று அழைப்பர்.

எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு வகையில்தான் பிரிக்க முடியும் என்று நாம் கற்பிக்கின்றோம். 6 என்றால் 2 பெருக்கல் 3, வேறு வழியில்லை. ஆனால், முழு எண்களோடு −5 இன் வர்க்க மூலத்தையும் சேர்த்து ஒரு புதிய எண் கூட்டத்தை அமைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே 6 என்பது 2 × 3 ஆகவும் இருக்கிறது; (1+√−5) × (1−√−5) ஆகவும் இருக்கிறது. இந்த நான்கு காரணிகளையும் அதற்கு மேல் பிரிக்க இயலாது. நாம் உறுதியென நம்பிய விதி அங்கே உடைந்துபோகிறது.

இவ்வுடைப்பைச் சரிசெய்ய முனைந்ததில்தான் இத்துறை பிறந்தது. 19 ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கும்மரும் டெடெகிண்டும் தனித்தனி எண்களுக்கு மாற்றாக 'ஐடியல்' எனப்படும் எண் தொகுதிகளைக் காரணிப்படுத்தினால் ஒழுங்கு மீண்டும் கிடைக்கும் என்று காட்டினர். 1905 இல் எமானுவேல் லாஸ்கர் என்பவர் பல்லுறுப்புக் கோவைகளுக்கும் இத்தகைய பகுப்பு உண்டென நிறுவினார். இவர் வேறு யாருமல்லர். 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் உலகச் சதுரங்க வெற்றியாளராக விளங்கிய அதே லாஸ்கர்தான்! 1921 இல் எம்மி நோத்தர் என்னும் பெண்மணி இவை அனைத்தையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் யூதர் என்பதனால் 1933 இல் நாஜி அரசு அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியது. அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த அவர் 1935 இல் மறைந்தார்.

பிரான்சிலிருந்து வந்த பாதிரியார்

இனி நம் கதைக்கு வருவோம். 1937 இல் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைப் பாதிரியார் ஒருவர் தமிழகம் வந்து சேர்ந்தார். அவர் பெயர் சார்லஸ் ரசீன் (1897–1976). பாரிசில் எலீ கார்த்தான் போன்ற மேதைகளிடம் கணிதம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். முதலில் திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் சென்னை லயோலா கல்லூரியிலும் பணியாற்றினார்.

அக்காலத்தில் சென்னையின் கணிதப் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜ் தேர்வு முறையின் சாயலில் அமைந்திருந்தது. கடினமான கணக்குகளை விரைந்து தீர்ப்பதே திறமை எனக் கருதப்பட்டது. அப்பொழுது ஐரோப்பாவில் கணிதத்தின் முகமே மாறிக்கொண்டிருந்தது. அந்தப் புதிய கணிதத்தை, அதன் நூல்களை, அதை உருவாக்கிக்கொண்டிருந்த மனிதர்களின் பெயர்களைத் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார் ரசீன். ஆந்திரே வெய்ல், ஆன்ரி கார்த்தான் முதலியோர் அவருடைய நண்பர்கள். "இங்கே பட்டம் பெற்றுவிட்டால் போதாது, ஆய்வு செய்ய வேண்டும், அதற்குப் பம்பாய் செல்" என்று தகுதியான மாணவர்களை வழிகாட்டி அனுப்பினார்.

பம்பாயில் 1945 இல் ஓமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கே. சந்திரசேகரன் தலைமையில் கணிதப் பள்ளி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. 1953 இல் லயோலாவின் வகுப்புத் தோழர் இருவர் அங்கே ஒன்றாகச் சேர்ந்தனர். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த சி. எஸ். சேஷாத்ரி, மற்றவர் வட ஆர்க்காட்டுத் தண்டரை என்னும் சிற்றூரில் பிறந்த எம். எஸ். நரசிம்மன். நான்காண்டுகள் கழித்து, 1957 இல், அதே லயோலாவிலிருந்து சி. பி. இராமானுஜம் என்ற இளைஞரும் அங்குச் சென்றார். ஒரே ஆசிரியரின் கைகாட்டலில் இத்தனை பேர்!

முறுக்கப்பட்ட காகிதமும் சேஷாத்ரியின் தேற்றமும்

ஒரு காகிதப் பட்டையை வளைத்து இரு முனைகளையும் ஒட்டினால் வளையல் போன்ற வடிவம் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் ஒரு முறை முறுக்கிவிட்டு ஒட்டினால் கிடைப்பது முற்றிலும் வேறான வடிவம். அதனை எவ்வளவு வளைத்தாலும் அறுக்காமல் முறுக்கை நீக்க இயலாது. வளைந்த வட்டத்தின்மேல் இத்தகைய முறுக்கு சாத்தியம். சமமான, வளைவற்ற வெளியின்மேல் இயற்கணித முறையில் அமைக்கப்படும் வடிவங்களில் முறுக்கு இருக்க முடியுமா?

1955 இல் பிரெஞ்சுக் கணித மேதை ழான் பியேர் சேர் எழுப்பிய வினாவின் சாரம் இதுவே. பல்லுறுப்புக் கோவைகளின் வளையத்தைப் பற்றிய அவ்வினாவுக்கு விடை தமக்குத் தெரியாது என்றே அவர் எழுதினார். ஒரு மாறி மட்டும் இருந்தால் விடை எளிது. இரண்டு மாறிகளுக்கு? 1958 இல், 26 வயது நிரம்பிய சேஷாத்ரி, முறுக்கு இல்லை என்று நிறுவினார். எல்லா மாறிகளுக்குமான முழு விடை கிடைக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 1976 இல் அமெரிக்காவின் டேனியல் குவில்லனும் சோவியத் நாட்டின் ஆந்திரே சுஸ்லினும் ஒருவரையொருவர் சாராமல் அதனை நிறுவினர். ரசீன் பாதிரியார் மறைந்ததும் அதே 1976 இல்தான்.

1965 இல் நரசிம்மனும் சேஷாத்ரியும் இணைந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. இராமானுஜம் 1971 இல் இயற்கணித வடிவியலில் தளத்தின் இயல்பு பற்றி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மனநோயால் நெடுங்காலம் துன்புற்ற அவர் 1974 இல் தம் 36 ஆம் வயதில் மறைந்தார். திறமை மட்டும் ஒரு மாணவரைக் காத்துவிடாது. உடனிருப்போரின் அரவணைப்பும் தேவை என்பதை அவர் வாழ்வு ஆசிரியர்களுக்கு உணர்த்துகிறது.

பயிலரங்கு என்னும் பள்ளிக்கூடம்

இவர்கள் எவ்வாறு உலகத் தரத்தை எட்டினர்? பம்பாய் நிறுவனம் அயல்நாட்டு அறிஞர்களை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கவைத்து விரிவுரையாற்றச் செய்தது. அந்த விரிவுரைகளைக் குறிப்பெடுத்துச் செம்மைப்படுத்தி நூலாக்கும் பொறுப்பு இளம் ஆய்வாளர்களுக்கு அளிக்கப்பட்டது. பியேர் சாமுவேல் ஒரே வகையில் காரணிப்படுத்தக்கூடிய வளையங்களைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளை எம். பவமன் மூர்த்தி எழுதினார். அது 1964 இல் வெளிவந்தது. டேவிட் மம்ஃபோர்டு ஆற்றிய விரிவுரைகளை இராமானுஜம் எழுதினார்; 1970 இல் வெளிவந்த அந்நூலில் அவர் பெயர் நன்றியுடன் இடம்பெற்றது. கேட்டதை மீண்டும் தம் சொற்களில் எழுதுவதைவிடச் சிறந்த கற்றல் முறை உண்டோ? நம் வகுப்பறைக்கும் இது பொருந்தும்.

1968 இல் அதே பம்பாயில் இயற்கணித வடிவியல் குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. குரோதெண்டீக், மம்ஃபோர்டு, மைக்கேல் ஆர்ட்டின் முதலியோர் அதற்குக் கட்டுரை வழங்கினர். குரோதெண்டீக் தம் புகழ்பெற்ற 'தர ஊகங்களை' முன்வைத்தது அங்குத்தான். அவற்றுள் முதன்மையானவை இன்றளவும் தீர்க்கப்படவில்லை.

பின்னர் 1984 இல் சென்னை திரும்பிய சேஷாத்ரி, 1989 இல் 57 ஆம் வயதில் புதிய கணிதப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம். 1998 இல் அங்கே இளங்கலைப் படிப்பும் தொடங்கப்பட்டது. பெரும் ஆய்வாளர்கள் பதினெட்டு வயது மாணவர்களுக்கு நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. கருநாடக இசையிலும் தேர்ந்தவரான சேஷாத்ரி 2020 இலும், நரசிம்மன் 2021 இலும் காலமாயினர்.

நம் மண்ணுக்கு என்ன தொடர்பு?

மலாயாவிலும் தோட்டத் தொழில் நடத்திய அழகப்பச் செட்டியார்தாம் 1950 இல் சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனத்தை நிறுவினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நம் நாட்டில் மலேசியக் கணித அறிவியல் சங்கம் 1970 இல் தோன்றியது. 1972 இல் தென்கிழக்காசியக் கணிதச் சங்கம் உருவானது. ஆசியக் கணித மாநாடு 2009 இல் கோலாலம்பூரில் நடந்தது. அடுத்த ஆண்டு, 2010 இல், உலகக் கணித மாநாடு முதன்முறையாக இந்தியாவில், ஹைதராபாத் நகரில் கூடியபோது, வியட்நாமில் பிறந்த நோ பாவ் சாவ் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். போரால் சிதைந்த வியட்நாமில் இன்று பரிமாற்று இயற்கணிதத்திற்கென வலுவான ஆய்வுக்குழு இருக்கிறது.

நாம் வாழும் டெங்கிலைச் சுற்றிப் பாருங்கள். பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகமும் அதன் கணித ஆய்வுக் கழகமும், சைபர்ஜெயாவில் பல்லூடகப் பல்கலைக்கழகம். கருத்தரங்குகள் நடைபெறும் மண்டபங்கள் நம் வாசலுக்கு அருகிலேயே உள்ளன. ஆயினும், அந்த மண்டபங்களுக்குள் நம் பிள்ளைகள் செல்வதற்கு இடையில் ஒரு வினா தடையாக நிற்கிறது: "கணிதம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?"

பெற்றோர்களே, இரவுச் சந்தையில் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறீர்களே, அந்தக் கியூஆர் குறியீட்டின் ஒரு பகுதி கிழிந்தோ அழுக்கடைந்தோ இருந்தாலும் அது சரியாகப் படிக்கப்படுவது எதனால்? 1960 இல் ரீடும் சாலமனும் பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்டு அமைத்த பிழைதிருத்தும் குறியீட்டு முறையால்தான். 1965 இல் புருனோ புக்பெர்கர் கண்ட வழிமுறையால் இயந்திரக் கைகளின் அசைவுகளைக் கணினி கணக்கிடுகிறது. மறைக்குறியீட்டியல், தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு ஆகிய அனைத்தும் கணிதம் பயின்றோரைத் தேடுகின்றன. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே வாழ்வு என்று பிள்ளையின் விருப்பத்தை முளையிலேயே கிள்ளிவிட வேண்டாம்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கவை

ரசீன் பாதிரியார் தம் பெயரில் பெரிய தேற்றம் எதனையும் விட்டுச்செல்லவில்லை. மாணவரை இனங்கண்டார், புதிய நூலைக் கையில் கொடுத்தார், அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தைக் காட்டினார். இம்மூன்றும் நம்மாலும் இயலும்.

1. 'ஏன்' என்று கேட்கும் மாணவரை இனங்காணுங்கள். விரைவாக விடை சொல்பவர் மட்டுமே கணிதத் திறனாளர் அல்லர்.

2. 2003 தொடங்கிச் சில ஆண்டுகள் நம் பள்ளிகளில் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டு, பின்னர் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பியது. கிடைத்த வாய்ப்பைக் காப்பது நம் கடமை. காரணி, பகா எண், பரிமாற்றுப் பண்பு ஆகிய சொற்களைப் பொருள் விளங்கக் கற்பியுங்கள். சொல்லின் பொருள் தெரிந்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ அதனைச் சந்திக்கும்போது அஞ்சாது.

3. படிவம் ஒன்றுக்குச் செல்லும் மாணவருக்குத் தேசியக் கணித ஒலிம்பியாட் போட்டியைப் பற்றிக் கூறுங்கள். பல்கலைக்கழகங்களின் திறந்த நாள்களுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாநாட்டு மேடையில் ஆய்வுரை நிகழ்த்தும் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊரில் வாய்ப்பாடு ஒப்பித்த குழந்தையே. நாளை அம்மேடையில் நிற்கப்போகிறவர் இன்று நம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கலாம். அவருக்குக் கை காட்டுவது நம் கையில் இருக்கிறது. சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
டெங்கிலிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்