திரை காட்டும் ஹவாயும் ஏடு காட்டும் ஹவாயும்

இந்திய நாட்டின் சமயங்களையும் வழக்கங்களையும் அறபு மொழியில் எழுதப் புகுந்த அல்பிரூனி, ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் நிறைவுற்ற தம் பெருநூலின் முகவுரையிலேயே தமக்குத் தாமே ஒரு நிபந்தனை விதித்துக் கொண்டார். மறுப்பதற்காகத் தாம் எழுதவில்லை. அம்மக்கள் கூறுவதை அவர்கள் கூற்றாகவே எடுத்து வைப்பதே தம் வேலை என்பது அந்நிபந்தனையின் சாரம். அதற்காகவே அவர் சமஸ்கிருதம் கற்றார். சிலை வணக்கத்தை ஒருபோதும் ஏற்காத ஒருவர், சிலை வணங்குவோரைப் பற்றி நேர்மை தவறாமல் எழுத முடியும் என்பதற்கு அந்நூல் இன்றளவும் சான்றாக நிற்கின்றது.

இல்லந்தோறும் புகுந்துவிட்ட தொலைக்காட்சித் திரையில் ஹவாய்த் தீவுகளைப் பற்றிய நாடகத் தொடர்களை நோக்கும்போதெல்லாம் இந்த நிபந்தனையே நம் நினைவுக்கு வருகின்றது. நம் பிள்ளைகள் வரலாற்றை ஏட்டில் படிப்பதினும் திரையில் பார்ப்பதே மிகுதி. ஆகவே இதனை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட இயலவில்லை.

பசிபிக் மாகடலின் நடுவே தனியரசாக விளங்கிய ஹவாயில், 1893ஆம் ஆண்டு லிலியுவோகலானி அரசியார் ஆட்சியினின்று அகற்றப்பட்டார். 1898இல் அமெரிக்கா அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக் கொண்டது. 1959இல் அஃது அமெரிக்காவின் 50ஆவது மாநிலமாயிற்று. அதே 1959ஆம் ஆண்டிலேயே 'ஹவாயன் ஐ' என்னும் துப்பறியும் தொடரும் தொடங்கியது. தொடர்ந்து 1968 முதல் 1980 வரை 'ஹவாய் ஃபைவ் ஓ', 1980 முதல் 1988 வரை 'மேக்னம் பி.ஐ.' என வரிசையாக வந்தன. இவை அனைத்திலும் கதைத் தலைவர்கள் வெள்ளையரே. அலையும் தென்னையும் நடனமாதும் திரைச் சீலையாகத் தொங்க, மண்ணின் மக்கள் பெரும்பாலும் அச்சீலையின் ஓரத்தில் நின்றனர்.

இவற்றைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. 'தி பிரேடி பஞ்ச்' என்னும் குடும்பத் தொடர், 1972இல் ஹவாய்ப் பயணக் கதையொன்றை மூன்று பகுதிகளாகக் காட்டியது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிறுவனொருவன் சிறு பதுமையைக் கண்டெடுக்கின்றான். அதனை அணிந்தவர்க்கெல்லாம் கேடு வருகின்றது. இறுதியில் பண்டை அரசரின் புதைகுகைக்கு அதனைத் திருப்பிக் கொண்டு செல்கின்றனர். சிரிப்பும் அச்சமும் கலந்த குழந்தைக் கதைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக இத்தகைய கதைகளைப் பார்த்தோர்க்கு, ஹவாய் மக்களின் பழஞ்சமயம் என்றாலே சாபம் வைத்த பொம்மை என்னும் எண்ணமே எஞ்சியது. 'டிக்கி' என்று கடைகளில் விற்கப்படும் சொல்லே மாவோரிகள் போன்ற தெற்குத் தீவினரின் மொழிக்குரியது. ஹவாய் மொழியில் அதன் வடிவம் 'கிஇ' என்பதாம். பெயரையே பிறரிடம் கடன் வாங்கி ஒட்டியவர்களிடம் பொருளை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

உருவ வணக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒரு மக்கள் எதனை, எவ்வாறு, எதற்காகப் போற்றினர் என்பதில் பொய் கலக்க நமக்கு உரிமையில்லை. பிறர் வரைந்த சித்திரத்தில் தம் முகம் கோணலாய்த் தெரியும் வேதனை நமக்குப் புதிதுமன்று. தாடியும் தலைப்பாகையும் கைக்கத்தியுமாக எத்தனை படங்களில் நம்மைப் பார்த்துவிட்டோம்!

அப்படியாயின் அம்மக்களின் பழைய சமூக ஒழுங்குதான் யாது? 'கபு' என்னும் விலக்கு முறையே அதன் முதுகெலும்பு. (ஒலி ஒப்புமையைக் கண்டதும் 'காப்பு' என்னும் நம் சொல்லிலிருந்து அது பிறந்ததென்று நூல் எழுதத் துணியும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. தொங்கா தீவின் 'தபு'வும் மாவோரியரின் 'தாப்பு'வும் அதற்கு உடன்பிறப்புகள். அவர்கள் சற்றே பொறுத்தருள்க!) உயர்குலத் தலைவர் முன் நிலம்படிய வீழ்ந்து கிடக்க வேண்டும் என்பது ஒரு கபு. ஆணும் பெண்ணும் ஒரு பந்தியில் உண்ணலாகாது என்பது மற்றொன்று. அதற்கு 'அய் கபு' என்று பெயர். ஆண்கள் உண்ண ஓரில்லம், பெண்கள் உண்ண வேறில்லம். உணவு வேக வைக்கும் மண்ணடுப்புங்கூட இருபாலார்க்கும் தனித்தனி. வியப்பு என்னவெனில், இரண்டு அடுப்புகளிலும் சமைத்தவர் ஆண்களே.

பெண்டிர்க்குப் பன்றியிறைச்சி, தேங்காய், வாழைப்பழ வகைகள் பல, சில மீன்கள் ஆகியன விலக்கு. மீறினோர்க்கு மரண தண்டனையும் உண்டு. பன்றியிறைச்சி விலக்கு என்றதும் நம்மவர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஆனால் நம் ஹராமும் இவ்விலக்கும் ஒன்றல்ல. ஆண் தெய்வங்களின் உருவங்களாகக் கருதப்பட்டமையால் அவ்வுணவுகள் ஆடவர்க்கும் படையலுக்கும் உரியவை ஆயின. அசுத்தம் என்று தள்ளப்பட்டவை அல்ல. மேற்றோற்றத்தின் ஒற்றுமை கொண்டு உட்பொருளை முடிவு செய்தால் இப்படித்தான் வழுக்கும்.

கபு கொடுமை மட்டுமே என்று எண்ணிவிடவும் கூடாது. அகு, ஓபெலு என்னும் இருவகை மீன்களை ஆண்டின் வெவ்வேறு பகுதிகளில் மாறி மாறிப் பிடிக்கத் தடை இருந்தது. ஒன்றைப் பிடிக்கும் காலத்தில் மற்றது பெருகும். மலையுச்சி தொடங்கிக் கடல்வரை நீளும் 'அஹுபுஆஆ' என்னும் நிலப் பிரிவில், மேட்டின் மரமும் சமவெளியின் சேம்புக் கழனியும் கரையின் மீனும் ஒரே மக்கள் கூட்டத்தின் வாழ்வுக்கு ஆதாரமாயின. குற்றம் புரிந்தவனும் போரில் தோற்றவனும் ஓடிச் சேர்ந்தால் உயிர் பிழைக்கும் 'புஉஹோனுவா' என்னும் அடைக்கலத் தலங்களும் இருந்தன. ஹோனவ்னவ் என்னுமிடத்தில் அவற்றுள் ஒன்றின் பெருமதிலை இன்றும் காணலாம். கமேஹமேஹா மன்னர் 1797இல் விதித்ததாகச் சொல்லப்படும் சட்டமொன்று, முதியோரும் பெண்டிரும் சிறுவரும் தெருவோரத்தில் அஞ்சாது படுத்துறங்க உரிமை தந்தது. 1978இல் அம்மாநில அரசியல் சாசனத்திலேயே அஃது எடுத்தாளப்பட்டது. துப்பாக்கியும் மோட்டார்க் காரும் துரத்தும் தொடர்களில் இவற்றுக்கு இடமேது?

இக்குறைக்கு மாறாக 2025 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனத்தின் வழியே வெளிவந்தது 'சீஃப் ஆஃப் வார்' என்னும் தொடர். ஹவாய் வம்சாவளியினரான ஜேசன் மோமோவாவும் தாமஸ் பா சிபெட்டும் உருவாக்கியது; ஒன்பது பகுதிகள் கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த காயியானா என்னும் தலைவனே கதைநாயகன். முதலிரு பகுதிகளில் பேசப்படுவது ஹவாய் மொழியே. தோளில் இறகுப் போர்வை, தலையில் இறகு முடி, இடையில் 'கபா' என்னும் மரப்பட்டைத் துணி ஆகியவை நாடகத்துக்காகக் கற்பித்த ஆடம்பரம் அல்ல. கமேஹமேஹாவின் மஞ்சள் இறகுப் போர்வை ஹொனலூலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது; லட்சக்கணக்கான சிற்றிறகுகளால் ஆனது அது. பழைய படங்கள் நம்ப வைத்த புல்லாடையோ, 19ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் தீவினரோடு பின்னர் வந்து சேர்ந்தது.

உடை சரி, மொழி சரி, வரலாறு? இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், இஸ்ரவேலரின் படை ஆறு லட்சம் என்று சொல்லும் செய்தியை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் அணிவகுத்து நிற்கவும் போரிடவும் இயலுமா என்று கேட்டார். அறிவித்தவர் யாரென்று பார்ப்பதோடு நில்லாது, அறிவிக்கப்பட்ட செய்தி உலகியல்புக்கு ஒக்குமா என்றும் பார்க்க வேண்டுமென்பது அவர் முறை. நாடகங்களுக்கும் இவ்வுரைகல்லைப் பயன்படுத்தலாம்.

காயியானா கற்பனைப் பாத்திரம் அல்லன். 1787இல் ஜான் மியர்ஸ் என்னும் ஆங்கிலேயரின் கப்பலேறிச் சீனத்துக் கான்டன் நகர் சென்றான். அடுத்த ஆண்டின் இறுதியில் தாயகம் மீண்டான். 1790இல் வெளியான மியர்ஸின் பயண நூலில் அவன் உருவப்படமே உள்ளது. கமேஹமேஹாவோடு சேர்ந்து படை நடத்திய அவன், 1795இல் ஓவாஹு படையெடுப்பின்போது எதிரணிக்கு மாறி, நுஉவானுப் போரில் மாண்டான். வீரனா, துரோகியா? ஹவாய் மரபிலேயே இதற்கு ஒரு விடை இல்லை. தொடரோ அவனைத் தொடக்கம் முதலே நாயகனாக நிறுத்துகின்றது. நாடகத்துக்கு ஒரு தோள் வேண்டும் போலும். முதற்பருவம் எரிமலைக் குழம்பு உறைந்த கருவெளியில் நிகழும் பெரும்போரோடு முடிகின்றது. ஆனால் கமேஹமேஹாவின் பகைவனான கேயோவாவின் முடிவு ஏட்டில் அப்படி ஒரு களத்தில் நிகழவில்லை. 1790இல் கிலாவெயா எரிமலை சீறி அவன் படையில் ஒரு பகுதியை அழித்தது உண்மை. அவனோ 1791இல் புஉகோஹொலாவில் எழுப்பப்பட்ட புதுக் கோயிலுக்கு அழைக்கப்பட்டு வந்து, படகை விட்டிறங்கிய கரையிலே கொல்லப்பட்டான். அழைத்துக் கொன்ற கதை வாள்வீச்சைவிடக் கசப்பானது. கசப்பைத் திரை விரும்புவதில்லை.

ஏடு என்று நாம் சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். டேவிட் மாலோ, சாமுவேல் கமாகாவ், ஜான் பாபா ஈஈ ஆகியோர் தம் தாய்மொழியிலேயே பழைய வழக்கங்களை எழுதி வைத்த உள்நாட்டறிஞர்கள். 1834 முதல் 1948 வரை அம்மொழியில் செய்தித்தாள்கள் வெளிவந்தன. அவற்றின் பக்கங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இத்தனை செல்வம் கையருகே கிடக்க, முற்காலத் தொடர்களின் எழுத்தாளர்கள் அதனைத் திறந்து பார்த்த சுவடே இல்லை. ஆயினும் மாலோவும் கமாகாவும் கிறித்தவ ஊழியர் 1831இல் நிறுவிய லஹாயினாலூனா பள்ளியில் பயின்றவர்கள். விட்டு வந்த சமயத்தை ஏற்ற சமயத்தின் கண்ணால் நோக்கியவர்கள். ரிவாயத்தை எடுத்துரைப்பவரின் நிலையையும் எடைபோடுவது நம் மத்ரஸாக்களில் கற்பிக்கப்படும் பாடம். இங்கும் அது பொருந்தும்.

1896ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கிலமே பள்ளிகளின் பயிற்றுமொழி ஆக்கப்பட்டது. தாய்மொழி பேசிய குற்றத்துக்காகப் பிள்ளைகள் தண்டனை பெற்ற கதைகளை முதியோர் சொல்லிச் சென்றுள்ளனர். 1978இல் அம்மொழி மீண்டும் ஆட்சிமொழி ஆயிற்று. 1984இல் 'பூனானா லேயோ' மழலைப் பள்ளிகள் தொடங்கின. பள்ளிகளில் அதற்கிருந்த தடை 1986இல்தான் நீங்கியது. பாட்டியின் மொழியைப் பேரன் பள்ளியில் கற்க நேர்ந்த நாட்டில், அரசர்கள் அம்மொழியிலேயே வழக்காடுவதைத் திரையில் கேட்டவர்க்கு, கேயோவாவின் முடிவு மாறியது பெரிய குறையாகத் தோன்றியிராது. அவர்கள் மீது நாம் கோபம் கொள்ளவில்லை. ஆயினும் மாற்றிய இடத்தை மாற்றியதென்று சொல்வது வரலாறு கற்றோர் கடன்.

அத்தொடரின் முதற்பருவம் 1819ஐ எட்டவில்லை. கபு முறையை ஒழித்தவர் கிறித்தவ ஊழியர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவர்கள் கரை சேர்ந்ததோ 1820இல். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கமேஹமேஹா காலமானார். அவர் தேவியரான கஆஹுமானுவும் கேயோபுவோலானியும் இளம் அரசர் லிஹோலிஹோவை வற்புறுத்தினர். நவம்பரில் கயிலுவாவில் விருந்தொன்று விரிக்கப்பட்டது. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வழக்கப்படி தனித்தனிப் பந்தி. அடுத்த மாதமே கபுவைக் காக்க வாளெடுத்த கெகுவாவோகலானியும் அவனோடு களம் புகுந்த அவன் மனைவி மனோனோவும் குவாமோவில் வீழ்ந்தனர். ஆனால் ஒரு சமயத்தின் முடிவு அந்தக் களத்தில் நிகழவில்லை, விருந்திலேயே நிகழ்ந்துவிட்டது. லிஹோலிஹோ உடனே அமரவில்லை என்று குறித்துள்ளனர். பந்திகளை இரண்டு மூன்று முறை சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பெண்டிர் பந்தியில் போய் அமர்ந்து, அள்ளி அள்ளி உண்ணத் தொடங்கினார்.