ஆர்ல் வட்டரங்கைக் காத்தவர்கள்

தென் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் ஆர்ல், கி.மு. 46இல் சீசரின் படைவீரர்களுக்கான குடியேற்ற நகராயிற்று. அதன் வட்டரங்கு கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. 136 மீட்டர் நீளம், 107 மீட்டர் அகலம், அடுக்குக்கு 60 வளைவுகளாக இரண்டு அடுக்குகள், ஏறத்தாழ 20,000 பேருக்கு இடம். இவ்வளவு பெரிய கற்குவியல் ஆயிரம் ஆண்டுக்கால இடைக்காலத்தைக் கடந்து நிற்பதற்கு, 1820களில் அதனுள்ளிருந்த வீடுகளை இடித்து அரங்கை 'மீட்ட' நகராட்சியே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மீட்கப்படும் நிலையில் ஒரு கட்டடம் அதுவரை எப்படி எஞ்சியது என்பதை இந்த விளக்கம் தொடுவதே இல்லை. ரோமப் பேரரசு சரிந்தபின் மக்கள் அரங்குக்குள் குடிபுகுந்தார்கள். வெளிவளையம் மதிலாயிற்று, அதன்மேல் காவல் கோபுரங்கள் எழுந்தன. உள்ளே இருநூறு வீடுகளும் இரண்டு சிற்றாலயங்களும் கொண்ட ஓர் ஊரே வளர்ந்தது. தங்கள் மதிலிலிருந்து கல்லைப் பெயர்க்க அவர்கள் விடமாட்டார்கள். அரங்கு பிழைத்ததற்குக் காரணம் இந்தத் தேவைதான் என்பது என் துணிபு.

பக்கத்திலேயே உள்ள நாடக அரங்கு இதற்குச் சான்று. அகஸ்டஸ் காலத்துக் கட்டடம் அது. 5ஆம் நூற்றாண்டிலேயே தேவாலயம் கட்ட அதன் கற்கள் பெயர்க்கப்பட்டன. மேடையின் பின்சுவரை அணிசெய்த தூண்களில் இன்று முழுதாக நிற்பவை இரண்டே. அங்கும் பிற்காலத்தில் வீடுகள் வந்தனவே, அவை ஏன் அதைக் காக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடியிருப்பு மட்டும் போதவில்லை என்பதே விடை. அரணாகப் பயன்பட்ட பகுதிதான் தப்பியது. நாடக அரங்கின் வெளிச்சுவரில் மூன்று அடுக்கு உயரமும் குலையாமல் நிற்பது ரோலான் கோபுரம் எனப்படும் ஒரு துண்டு மட்டுமே. இடைக்காலக் கோட்டைமதிலோடு இணைக்கப்பட்ட துண்டும் அதுவே.

குடியேறியவர்கள் வட்டரங்கைச் சிதைக்கவும் செய்தார்கள் என்ற மறுப்பைத் தள்ள முடியாது. உட்புற இருக்கை வரிசைகள் பெரும்பாலும் அழிந்தன. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் துப்புரவும் ஓர் அழிப்புதான். பல நூற்றாண்டு மக்கள் வாழ்க்கையின் தடயம், பழமையின்பேரில் பற்றுக்கொண்டவர்களின் கையாலேயே போயிற்று. மூன்று கோபுரங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். தூய ரோமக் கட்டடத்தை மீட்டதாகச் சொல்லிக்கொண்டாலும் அவர்களும் அதற்கு ஒரு பயன்பாட்டைத்தான் தேடினார்கள்: 1830இல் அங்கு நடந்த முதல் காளை விளையாட்டு, பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைக் கைப்பற்றியதைக் கொண்டாடுவதற்காக நடத்தப்பட்டது.