ஊரோடு தங்கிய ஞானம்

ஞானம் என்றதும் படிப்பும் பட்டமும் நினைவுக்கு வருவது எமது சமூகத்தின் வழக்கம். வேதாகமத்தில் யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் அதனை வேறுவிதமாக அளக்கிறது. ஒருவர் ஞானமுள்ளவரா என்பதை அவருடைய நடக்கையில் பார்க்கச் சொல்கிறது. தன்னலம் கலந்த கெட்டித்தனத்தை அது ஞானமாக ஏற்பதில்லை. சாந்தமும் இரக்கமும் பிறருக்கு இணங்கும் மனமுமே பரத்திலிருந்து வரும் ஞானத்தின் அடையாளங்கள். இந்த அளவுகோலோடு எமது மண்ணின் வைத்திய வரலாற்றில் ஒரு பக்கத்தைப் பார்ப்போம்.

அமெரிக்க மிஷனின் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலிருந்து மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு, உள்ளூர் மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியமும் கற்பித்தார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. தேறியவர்களை அரசாங்க உத்தியோகம் ஈர்த்துக்கொண்டது. கிராமங்களோ முன்போலவே வைத்தியரின்றி இருந்தன. இதைக் கண்ட கிறீன் தம் முறையையே மாற்றினார். விடுமுறையில் அமெரிக்கா சென்று 1862இல் திரும்பிவந்த பின், வைத்தியக் கல்வியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கி, தம் மக்களுக்கு வைத்தியம் செய்வார் என்பது அவர் எண்ணம்.

இது சுலபமான வேலையாக இருக்கவில்லை. நரம்புக்கும் நாளத்துக்கும் மருந்துக்கும் சொற்கள் வேண்டும். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவது என்று முறை வகுத்துக்கொண்டார். 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழ் வைத்திய நூல்கள் வெளிவந்தன. மொழிபெயர்ப்பில் அவருடைய தமிழ் மாணவர்களும் தோள்கொடுத்தனர். 1873இல் அவர் நாடு திரும்பும்போது 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் கற்றிருந்தனர்.

கிறிஸ்தவராவதற்கு ஒருவர் ஐரோப்பியராக வேண்டியதில்லை என்பதும் கிறீனின் கொள்கை. மாணவர்கள் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து தம் மக்களிடமிருந்து அந்நியப்படுவதை அவர் விரும்பவில்லை. ஆட்சி மேலைத்தேயத்தவர் கையிலிருந்த காலத்தில் ஒரு மேலைத்தேயத்தவர் இப்படி நடந்தது சிறிய காரியமன்று. ஆனால் அவருடைய வகுப்பறை ஆண்களுக்கானதாகவே இருந்தது. பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது 1898இல்தான். கிறீன் மறைந்து 14 ஆண்டுகளின் பின்.

சனங்களோடு தங்கும் வைத்தியரின் பெறுமதியை வன்னி மண் பின்னாளில் மிகக் கடுமையாக உணர்ந்தது. 2008இன் இறுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து, பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரத்தில் இயங்கியது. 2009 தை மாதத்தில் அங்கிருந்தும் கிழக்கே நகர வேண்டியதாயிற்று. பாடசாலைக் கட்டடங்கள் வைத்தியசாலைகளாயின. வெளியேறாமல் சனங்களோடு நகர்ந்த வைத்தியர்களும் தாதியரும் தொண்டர்களும் ஒரே சமயத்தவர் அல்லர். பரத்திலிருந்து வரும் ஞானம் ஒரு சபையின் தனிச் சொத்தன்று என்பதை நாம் அங்கே கண்டோம்.

வைத்தியர்களாகிய நாங்கள் ஆங்கிலத்தில்தான் படித்தோம். அது தவறன்று. ஆனால் தர்மபுரத்தின் ஒரு தாய், கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கையில் வைத்துக்கொண்டு, எதைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, எதைப் பின் போடுவது என்று விளங்காமல் வீடு திரும்பினால், எங்கள் படிப்பு அவருக்கு எட்டவில்லை. வரிசை நீளமாயிருக்கும்போது இரண்டாந்தரமும் பொறுமையாகச் சொல்லுவதும், அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பதும் பெரிய தியாகங்கள் அல்ல. சாந்தமும் இரக்கமும் அன்றாடத்தில் எடுக்கும் உருவம் அதுதான்.

எமது பழைய மாணவியர் எல்லோரும் வைத்தியர்கள் அல்லர். வகுப்பறையிலும் வங்கியிலும் வயலிலும், கடல் கடந்த நாடுகளிலும் இருக்கிறோம். எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட முடியாது. ஆயினும் எம்மிடம் ஒரு காரியமாக வருபவர் விளங்கிக்கொண்டு போகிறாரா, வெட்கப்பட்டுப் போகிறாரா என்பது எந்த ஊரிலும் எம் கையிலேயே இருக்கிறது. கற்ற கல்வி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்த்து, சேராதபோது தம் வழியை மாற்றிக்கொண்டவர் கிறீன். நூற்றாண்டு காணும் நாமும் எம் நடக்கையை அப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது.