அபின் குழாயின் கறை

பழம்பொருள் சேர்ப்போர் பழைய சுங்கானைத் துடைத்து மெருகேற்றுவர். அபின் குழாயை அவ்வாறு செய்தலாகாது என்பது என் கருத்து. மூங்கில் தண்டு வறண்ட காற்றில் வெடிக்குமாதலால் சீரான ஈரப்பதம் போதும். படிந்த கரியையும் கைபட்ட கறையையும் சுரண்டினால் சான்று அழியும்.

சிங்கப்பூரில் அதனைப் புகைத்தோருள் பலர் சீனக் கூலிகளும் ரிக்‌ஷா இழுத்தோரும் ஆவர். அபினோ பெரும்பாலும் கங்கைச் சமவெளியில் விளைந்து, கல்கத்தாவில் கப்பலேறியது. 19ஆம் நூற்றாண்டில் குடியேற்ற அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதியை அபினே ஈட்டித் தந்தது. 1910இல் அரசே விற்பனையை ஏற்றது. 1946இல்தான் முழுத்தடை வந்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! அருங்காட்சியகத்தில் இக்குழாயைக் காணும் பிள்ளைகளிடம், புகைத்தவர் யார் என்று கேட்டபின், பொருள் ஈட்டியவர் யார் என்றும் கேளுங்கள்.