உபாத்தியாயர் கோடை விடுமுறையின் சரித்திரம்

வேனிற்காலம் வந்ததும் கல்விச்சாலைகள் மூடப்படுவதும், உபாத்தியாயர்கள் தத்தம் குடும்பத்தாருடன் யாத்திரை புறப்படுவதும் நமக்கு மிகச் சாதாரணமான காரியங்களாகத் தோன்றுகின்றன. ஆயினும் உலகில் எவ்வழக்கமும் காரணமின்றித் தோன்றுவதில்லை. நம் நாட்டில் கோடைதோறும் மலையேறும் வழக்கத்தின் ஒரு கிளை, கல்விப் பணியும் கிறிஸ்து சமயப் பணியும் ஒருங்கே செய்துவந்த மிஷனெரி உபாத்தியாயர்களின் குடும்பத் துயரத்தினின்று கிளைத்ததாகும். அச்சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிந்துகொள்ளுதல் நலமென்று கருதி ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பள்ளிகளும் சபைகளும் நடத்திவந்த அமெரிக்க மிஷனார், 1834-ஆம் ஆண்டில் மதுரையம்பதியில் ஒரு கிளையை நிறுவினர். ஹாய்சிங்டன், டாட் என்னும் இரு துரைமாருடன் யாழ்ப்பாணத்துத் தமிழர் சிலரும் துணையாக வந்தனர். ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. ஆனால் மதுரைச் சீமையின் வெயிலும், வாந்திபேதியும், விஷக் காய்ச்சலும் அந்நியரை மிகவும் வருத்தின. முதற் பத்தாண்டுகளுக்குள்ளாகவே மனைவியரையும் மக்களையும் மண்ணிற் புதைத்துவிட்டு மறுநாட் பள்ளிக்குச் சென்ற உபாத்தியாயர் உண்டு. ஊழியத்தை விட்டுக் கப்பலேறுவதா, குடும்பத்தை இழந்து ஊழியத்தில் நிற்பதா என்னும் இரண்டொன்று அவர்கள் முன் நின்றது. மூன்றாவதாகிய ஒரு வழியைத் தேடியபோதே மலையின் நினைவு வந்தது.

முதலில் திண்டுக்கல்லுக்கு அணித்தாகிய சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர்ப் பழனி மலைத்தொடரின் மேற்பரப்பை நாடினர். அப்பரப்பை 1821-ஆம் ஆண்டிலேயே வார்டு என்னும் சேனை உத்தியோகஸ்தர் அளந்து எழுதியிருந்தார். தாவர சாஸ்திரியாகிய ராபர்ட் வைட் 1836-இல் அங்குச் சென்று செடிகொடிகளை ஆராய்ந்திருந்தார். ஏறக்குறைய 7000 அடி உயரத்தில் உள்ள அவ்விடத்தில் 1845-ஆம் ஆண்டு சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகளை அமெரிக்க மிஷனார் கட்டினர். இன்று திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானல் நகரத்துக்கு அவ்விரு வீடுகளே வித்தாயின. 1863-ஆம் ஆண்டில் வீர் ஹென்றி லெவிஞ்ச் என்னும் கலெக்டர் அங்குள்ள ஏரியை அமைத்தார்.

அதே 1845-ஆம் ஆண்டில் நடந்த வேறொரு காரியத்தையும் நாம் இங்கு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கப்பட்ட மிஷன் செமினரி அவ்வாண்டில்தான் மதுரைக்கு அடுத்த பசுமலைக்கு மாற்றப்பட்டது. உபதேசியாரும் உபாத்தியாயருமாகப் பணிபுரியத் தமிழ் வாலிபரை ஆயத்தஞ்செய்யும் இடம் அது. ஆகவே, அந்நிய உபாத்தியாயர் இளைப்பாறும் வீடும், நாட்டு உபாத்தியாயர் பயிலும் மனையும் ஒரே ஆண்டில் உருவாயின. ஒன்று மேகம் தவழும் உச்சியில். மற்றொன்று வெயில் காயும் சமவெளியில். அவ்விரண்டிற்கும் இடையே இருந்த தூரம் மைல்களால் மாத்திரம் அளக்கத்தக்கதன்று என்பது பின்னர் விளங்கும்.

அந்நாட்களில் மலைப் பிரயாணம் எளிதன்று. 1875-இல் இருப்புப்பாதை வந்தபின், அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டியில் இராமுழுதும் சென்று, பெரியகுளத்துப் பக்கத்து மலையடிவாரத்தை அடைவர். அங்கிருந்து ஏறக்குறைய 12 மைல் ஒற்றையடிப் பாதை. ஆடவர் குதிரை மீதும் நடந்தும் செல்வர். பெண்டிரையும் குழந்தைகளையும் கழிகளிற் கட்டிய நாற்காலியில் இருத்தி ஆட்கள் தோளிற் சுமந்து ஏற்றுவர். அரிசி, மாவு, படுக்கை, புஸ்தகம் அனைத்தும் தலைச்சுமையாகவே மேலே சென்றன. மோட்டார் வண்டிகள் செல்லத்தக்க லா மலைப்பாதை 1916-இல் திறக்கப்படும்வரை இவ்வாறே நடந்தது. மலையிற் குடியேறிய துரைமார் பெயர்கள் ஏட்டில் உள்ளன. அவர்தம் மக்களை வழுக்காமற் சுமந்து சென்ற நம் நாட்டவரின் பெயர்களோ ஏட்டில் இல்லை. அவர் தோள்வலியன்றி அவ்விடுமுறை நடந்திராது என்பதைச் சரித்திரம் எழுதுவோர் மறத்தல் தகாது.

இவ்விடுமுறையால் விளைந்த நன்மைகளை நாம் குறைத்துக் கூறமாட்டோம். குழந்தைகள் பிழைத்தனர், இஃதொன்றே போதுமான நன்மையாகும். ஊருக்கு ஒருவராகத் தனித்து உழைத்த பல மிஷன்களின் ஊழியர் அங்கு ஒன்றுகூடி, பள்ளிகளைப் பற்றியும் சபைகளைப் பற்றியும் கலந்து பேசினர். கல்விக்காகப் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பி ஆண்டுக்கணக்கிற் பிரிந்திருந்த பெற்றோர் துயரைத் தணிக்க, 1901-இல் ஹைக்ளர்க் என்னும் பள்ளி தோன்றிற்று. மகனைப் பார்க்க அமெரிக்காவினின்று வந்த மார்கரெட் எடி அம்மையார் அதன் முதல் தலைவியாயினார். அதுவே இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக விளங்குகின்றது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயரும் முதுமையில் இம்மலையையே அடைந்தார். 1891 ஆகஸ்டு 28-இல் அவர் உயிர் இங்குப் பிரிந்தது. உடலோ அவர் நெடுங்காலம் உழைத்த இடையன்குடிக்கே கொண்டுபோகப்பட்டு அங்கு அடக்கஞ் செய்யப்பட்டது. மலை இளைப்பாறுதற்கு, ஊரே ஊழியத்திற்கு என்பதை அம்முடிவு நன்கு காட்டுகின்றது.

எனினும், ஒரு குறை வளர்ந்துவந்தது. துரைமார் மலையிற் கூடி ஆலோசித்த காரியங்களை நிறைவேற்றவேண்டியவர் சமவெளியில் நின்ற தமிழ் உபாத்தியாயரும் உபதேசியாரும் ஆவர். ஆலோசனை ஓரிடத்திலும் உழைப்பு வேறிடத்திலுமாக இருந்தால் அன்பு எங்ஙனம் தழைக்கும்? இக்கேள்வியை உலகறியக் கேட்டவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றுதற்கு அவர் முன்னின்றார். நம்மவர் பொருளால், நம்மவர் நிர்வாகத்தில், நம்மவரே பிறநாட்டாருக்குப் பணிசெய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. 1909-இல் தாமே ஹைதராபாத் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, தெலுங்கு கற்று, கிராமங்களிற் சுற்றி ஊழியஞ்செய்தார். அவர் மனைவியார் அன்பு மரியம்மாளும் அப்பணியில் உடனுழைத்தார். ஆகவே குடும்பத்தைக் காத்தற்குப் பணியிடத்தை விட்டு நீங்கினாரும் உளர். குடும்பத்தோடு பணியிடத்திற் குடிபுகுந்தாரும் உளர்.

1910-இல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மகாநாடு கூடியபோது, அசரியா அவையோரை நோக்கி, எங்களுக்காக நீங்கள் பொருளையும் உயிரையும் ஈந்தீர்கள், அதனினும் மேலாக எங்களுக்கு நட்பைத் தாருங்கள் என்னும் கருத்துப்படப் பேசினார். அவையிற் சிலர் முகஞ்சுளித்தனர். ஆயினும் அச்சொல் நிலைத்தது. 1912 டிசம்பர் 29-இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்.

1919-ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயிற்காலத்தில், சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடிக் கடற்கரையில் 33 ஊழியர் கூடினர். இருவர் நீங்கலாக எல்லாரும் இந்தியரே. அவ்விருவருள் ஒருவர் மார்கரெட் எடி அம்மையாரின் மகனாகிய ஷெர்வுட் எடி. பிரிந்துகிடந்த சபைகள் ஒன்றுபடவேண்டுமென்று அவர்கள் வெளியிட்ட அறிக்கையே, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உதயமாவதற்கு அடிப்படையாயிற்று. அசரியா அதைக் கண்ணாற் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாளில் அவர் காலஞ்சென்றார்.

அன்பர்களே! மதவேறுபாடின்றி நாம் யாவரும் கைக்கொள்ளத்தக்க ஒன்று இச்சரித்திரத்தில் அடங்கியிருக்கின்றது. கற்பிப்பவருக்கு ஓய்வு வேண்டும். குடும்பத்தைக் காத்தல் அவர்க்குக் கடமை. மரணத்தினின்று மக்களைக் காக்க மலையேறியவரை நாம் நிந்திப்பதற்கில்லை. ஆயினும் எவருடன் பணிசெய்கின்றோமோ அவரை விட்டு விலகிக் கழிக்கும் ஓய்வு நாளடைவில் மதிலாகிவிடும். ஆதலின், நம் குடும்பத்து உபாத்தியாயர்கள் விடுமுறையில் யாத்திரை செல்க. மலையும் கடலும் கண்டு மகிழ்க. அவற்றுள் சில நாளேனும், தம்மிடம் பயிலும் எளிய பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் பெற்றோருடன் அளவளாவிக் கழிப்பார்களாக. இதற்கு ரயிற் செலவும் இல்லை. தோளிற் சுமப்பார் துணையும் வேண்டுவதில்லை.