நீலியின் கண்ணீரும் காட்டேரியின் பல்லும்

'இரத்தக் காட்டேரி' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருடைய மனக்கண்ணில் எழுவது கறுப்பு அங்கியணிந்த ஐரோப்பியப் பிரபு ஒருவனின் உருவமே. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் 'டிராகுலா'வை வெளியிட்டார்; பின்னர் வந்த திரைப்படங்கள் அவ்வுருவத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தன. ஆனால் காட்டேரி என்பது நம் சிற்றூர்களின் எல்லையில் நெடுங்காலமாகப் படையல் ஏற்றுவரும் ஒரு தெய்வத்தின் பெயர். பெயர் நம்முடையது, அதற்கு நாம் மாட்டிக்கொண்ட முகம் வெளியிலிருந்து வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில், பயணம் ஒருவழிப்பட்டதன்று. தமிழ் வேதாளக் கதையை பெஞ்சமின் கை பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1831-இல் லண்டனில் அச்சேற்றினார். பரமார்த்த குருவின் கதையை 1822-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றவரும் அவரே. 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் வேதாளக் கதைகளுள் பதினொன்றைத் தம் போக்கில் திருப்பிச் சொன்னபோது, வேதாளத்தை 'வேம்பயர்' என்றே தலைப்பில் அழைத்துவிட்டார். முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் நம் வேதாளம் யாருடைய இரத்தத்தையும் குடிப்பதில்லை. கதை சொல்கிறது, நீதி கேட்கிறது, விடை கிடைத்ததும் மரமேறிவிடுகிறது. அதற்குக் கோரைப்பல் முளைத்தது மொழிபெயர்ப்பில்தான். அந்தப் பர்ட்டனை ஸ்டோக்கர் 1878-இல் நேரில் சந்தித்தார் என்பதும், பேசும்போது வெளித்தெரிந்த பர்ட்டனின் கோரைப்பல்லைப் பற்றிப் பிற்காலத்தில் தம் நினைவுக்குறிப்பில் எழுதினார் என்பதும் சுவையான செய்திகள். இதைக் கொண்டே டிராகுலாவுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் வழங்க நாம் முற்படவில்லை. கதைகள் கடல் கடந்தால் வேறு உடல் எடுக்கின்றன என்பதே இங்குக் கருதத்தக்கது.

தமிழில் குருதி அருந்தும் பேய்களுக்குப் பஞ்சமில்லை. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் போர்க்களத்தில் நிணக்கூழ் அட்டு உண்கின்றன. காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றுத் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். எனினும் இவை அச்சமூட்டுவதற்காக எழுந்தவை அல்ல. பரணியின் பேய் அரசனின் வெற்றியை வாழ்த்துகிறது. அம்மையின் பேய் இறைவனின் கூத்தைக் காண்கிறது. உள்ளபடியே நம்மை அச்சுறுத்தியவள் நீலி.

அவளுடைய கதையின் குறிப்பு ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே உண்டு. கணவனால் கொலையுண்ட பெண் பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைப் பழையனூரில் மறிக்கிறாள். கட்டையொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, தன்னைக் கைவிட்ட கணவன் இவன் என்று அழுகிறாள். ஊர் வேளாளர் எழுபதின்மர் அவள் கண்ணீரை நம்பி, அவனுயிருக்குப் பிணை நின்று, அவளுடன் அனுப்பிவைக்கிறார்கள். விடிந்ததும் அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாத வேளாளர் தீப்பாய்ந்து மாய்கிறார்கள். சிலப்பதிகாரத்திலும் ஒரு நீலி வருகிறாள். கொலையுண்ட வணிகன் சங்கமனின் மனைவியான அவளுடைய சாபமே கோவலன் மீது வந்து விடிகிறது.

இதில் மொழி யார் பக்கம் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பொய்யழுகைக்கு நாம் இன்றும் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். கொல்லப்பட்டவள் அவள், அவளது முறையீடு பொய்க்கு உவமையாயிற்று. பிணை நின்ற எழுபதின்மரின் வாய்மை புகழ்பெற்றது. முதற்கொலை கதையின் முன்னுரையாகச் சுருங்கிப்போனது. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டு மட்டும் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. நகைக்காகக் கள்ளிச்செடியின் கீழ்க் கொல்லப்பட்ட தாசியின் கொலையை அது விரித்துப் பாடுகிறது. அவளை இசக்கியம்மனாக உயர்த்துகிறது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடும் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலும் இக்கதையோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்குமிடத்தை ஒட்டிய கீழவைப்பாரை இக்கட்டுரைக்குள் கொண்டுவருவதற்குக் காரணமுண்டு. வேம்பார் முதல் மணப்பாடு வரை நீண்ட முத்துக்குளித்துறை ஊர்களுள் வைப்பாரும் ஒன்று. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் இக்கடற்கரையின் பரதவர் கத்தோலிக்க மறையைத் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தார். மறை மாறினாலும் அச்சங்கள் உடனே மாறிவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைக் குறித்துவைத்தார்: மூழ்குவோரைக் கொடிய மீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுவோர், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றனர், இரவில் அக்கட்டை அவிழ்த்துவிட்டனர். கடல்கட்டிகள் எனப்பட்ட இவர்கள் இல்லாமல் மூழ்க மறுத்தவர்களைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் எழுதினர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சுறாவின் பல்லுக்கு நேர் எதிரே மூச்சடக்கி இறங்கியவர்களின் வழிவந்தோருக்கு, மாளிகையில் உறங்கும் பிரபுவின் பல் பெரிய அச்சமாகத் தோன்ற நியாயமில்லை.

ஆனால் இசக்கி கடற்கரைக்கும் வந்தாள். குமரி மாவட்டக் கடற்கரையின் முக்குவர் மகளிரைப் பற்றிக் கல்பனா ராம் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், கத்தோலிக்கப் பெண்களின் மீது இந்து ஆவியாகிய இசக்கி ஏறுவது பேசப்படுகிறது. உவரியிலும் புளியம்பட்டியிலும் உள்ள அந்தோணியார் கோவில்களுக்குப் பேய் பிடித்தவர்கள் மத வேறுபாடின்றி அழைத்துவரப்படுகிறார்கள். வீட்டில் வாய் திறக்க இயலாத பெண், பேய் ஏறியபின் பேசுகிறாள். அப்போது ஊர் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது. பழையனூரில் நீலி செய்ததும் இதைத்தான்.

இந்தப் பின்புலத்தில் திருநெல்வேலிக்காரராகிய புதுமைப்பித்தனை வாசிக்கும்போது புதிய பொருள் கிடைக்கிறது. மேரி ஷெல்லியின் ஃபிராங்கென்ஸ்டைனைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவர் அவர். 'வேதாளம் சொன்ன கதை'யும் 'பிரம்ம ராக்ஷஸ்'ஸும் எழுதியவர். 1943-இல் தொகுப்பாக வந்த 'காஞ்சனை'யில் பிச்சைக்காரியாக வீட்டுக்குள் நுழையும் பெண்ணின் பின்னே மேற்கத்திய இரத்தக் காட்டேரியின் நிழலும் உண்டு, மனைவியின் குரல்வளையில் அரும்பும் ஒரு துளி இரத்தமும் உண்டு. ஆயினும் அவர் எதையும் மெய்ப்பிப்பதில்லை, மறுப்பதுமில்லை. படித்த ஆணின் பகுத்தறிவு நடு இரவில் தன் வீட்டுக்குள்ளேயே தடுமாறுகிறது, அதுவே கதை. கோட்டையும் சவப்பெட்டியும் இல்லாமல், ஒரு வேலைக்காரியும் ஒரு படுக்கையறையுமே போதும் என்று காட்டியதுதான் அவருடைய மறுபடைப்பின் வெற்றி என்போம்.

நீலியின் அண்மைய உருவம் மலையாளத்தில் வந்தது. 2025 ஆகஸ்டில் டொமினிக் அருண் இயக்கி, கல்யாணி பிரியதர்ஷன் நடித்த 'லோகா: அத்தியாயம் ஒன்று - சந்திரா' திரைப்படத்தில், கள்ளியங்காட்டு நீலி பெங்களூரில் வாழும் நவீன இரத்தக் காட்டேரி. கேரள மரபில் நீலியின் தலையில் ஆணியடித்து அடக்கியவர் கடமட்டத்துக் கத்தனார் என்ற கிறித்தவக் குரு என்பர். படத்தில் அவரே அவளுக்குத் துணையாகிறார். அவளும் வலியோரால் ஒடுக்கப்பட்ட குடியின் சிறுமியாகக் காட்டப்படுகிறாள். ஆணியைப் பிடுங்கியது பாராட்டத்தக்கதே. ஆனால் வௌவாலின் கடி அவளைக் காட்டேரியாக்குகிறது என்று கதை அமையும்போது ஒன்று நழுவுகிறது. பழைய நீலி எந்தத் தொற்றாலும் பேயானவள் அல்லள். தனக்கு இழைக்கப்பட்ட கொலையால் பேயானவள். டிராகுலாவின் கடி யார்மீதும் விழலாம். நீலியின் வழக்கோ ஒருவன்மீது மட்டுமே.

மறுபடைப்புகளை நாம் வெறுக்கவில்லை. பழங்கதை புதுச்சட்டை அணிவது அது உயிரோடிருப்பதற்கு அடையாளம். ஒவ்வொரு புதிய நீலியிடமும் நாம் கேட்க விரும்புவது ஒன்றே: அவள் ஏன் திரும்பி வந்தாள் என்பதைக் கதை நினைவில் வைத்திருக்கிறதா? வைத்திருந்தால் அவளுக்குக் கோரைப்பல் இருந்தாலும் குற்றமில்லை. மறந்துவிட்டால், நம் மொழி அவளைப் பொய்யழுகைக்காரியாகவே நினைவில் நிறுத்தியதைப் போல, நாமும் மீண்டும் ஒருமுறை செய்தவர்களாவோம். அடுத்த முறை 'நீலிக் கண்ணீர்' என்று எழுத எடுக்கும் பேனா ஒரு கணம் தயங்கினால் இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறியது.